சாமக்கொடைக்கு ரேடியோ செட் போடலாமா?

வாசகர் கேள்வி – அண்ணாச்சி பதில்

ஆடி பிறந்துவிட்டால் நம் திருநெல்வேலிப் பக்கம் தபால் பையைப் பிரிக்கும்போதே கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒரு கட்டு முழுக்க ரேடியோ செட்டு, கல்யாண மண்டபம், போர்வெல் வண்டி. இன்னொரு கட்டு கொக்கு, மயில், குரங்கு. தனித்தனியாகப் போடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இரண்டு கட்டிலும் ஒரே குழப்பம் ஓடுகிறது: எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் எல்லோரும் மாநகராட்சி வாசலில் போய் நிற்கிறார்கள். அதனால் சேர்த்தே போட்டுவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன், அக்கம்பக்கத்தில் சண்டை வேண்டாம் பாருங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழா ஆவணியில் வருகிறது. தலைக்கட்டு வரி பிரித்தாயிற்று, வில்லுப்பாட்டுக்கும் நையாண்டி மேளத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மைக் அனுமதிக்கு மாநகராட்சி மண்டல அலுவலகம் போனால் 'இது எங்க வேலை இல்லை' என்கிறார்கள். சாமக்கொடை ராத்திரி 12 மணிக்குத்தான் நடக்கும், அதுவரை செட்டு ஓட ஏதாவது வழி உண்டா? — பேட்டை

பதில்: மண்டல அலுவலகத்தில் சொன்னது சரிதான், அவர்களைத் திட்ட வேண்டாம். மாநகராட்சிக்கு 4 மண்டலம், 55 வார்டு இருக்கிறது, குப்பையும் குடிதண்ணீரும் வீட்டு வரியும் அவர்கள் பாடு. ஒலிபெருக்கிக்கு அனுமதி தருவது காவல்துறை. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள் என்று ஒன்று இருக்கிறது, அதில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது என்று இருக்கிறது. கலெக்டர், போலீஸ் கமிஷனர், டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி, இவர்கள்தான் அந்த விதியில் வரும் 'அதிகாரி'. பேட்டை கமிஷனர் எல்லைக்குள் வருகிறது, ஆகவே உங்கள் மனு உள்ளூர் ஸ்டேஷன் வழியாகக் கமிஷனர் பக்கம் போகும். இதே கொடை நாங்குநேரியிலோ திசையன்விளையிலோ நடந்தால் டி.எஸ்.பி. பக்கம். தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறீர்கள் என்றால் அது வேறு சங்கதி, ரோடு யாருடையதோ அவர்களிடம், அதாவது மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ கேட்க வேண்டும். சீரியல் லைட்டுக்குக் கொக்கி போடுகிற வேலையே வேண்டாம், மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கிவிடுங்கள், கொக்கியால் போன உயிர்கள் நம் கொடை விழாக்களில் கொஞ்சமில்லை.

மனுவில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். தேதி, இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பெட்டி, பொறுப்பாளர்கள் மூன்று நான்கு பேரின் போன் நம்பர், செட்டுக்காரர் பெயர். குழாய் என்று ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள், கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, பெட்டி ஸ்பீக்கர்தான். பனைமரத்து உச்சியில் குழாயைக் கட்டி நாலு ஊருக்குப் பாட்டுப் போட்ட காலம் எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. குறைந்தது பத்து நாளைக்கு முன்னால் மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். எங்கள் தெருக் கமிட்டி ஒரு வருஷம் கால்நாட்டு முடிந்து, கொடை தொடங்கும் குடியழைப்பு அன்றைக்குச் சாயங்காலம் மனுவோடு ஸ்டேஷனுக்கு ஓடியது. எழுத்தர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். அந்த வருஷம் எங்கள் அம்மனுக்குக் கொட்டு மட்டும்தான் கிடைத்தது, நான்தான் அந்த வருஷக் கணக்கப்பிள்ளை, இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இனி சாமக்கொடைக்கு வருவோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கிடையாது. கோவிலா சர்ச்சா பள்ளிவாசலா கட்சிக் கூட்டமா என்று அந்த விதி பார்ப்பதில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு சலுகை உண்டு: திருவிழாக் காலத்தில் 10 மணியை 12 மணி ஆக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, அதுவும் ஒரு வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. கவனியுங்கள், மாநில அரசுக்கு. இன்ஸ்பெக்டரிடம் போய் 'சார், ஒரு ரெண்டு மணி நேரம்' என்று கெஞ்சினால் அவர் கையில் அது இல்லை. அவர் சரி என்று தலையாட்டினாலும் அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பில்லை, யாராவது 100-க்கு அடித்தால் அதே இன்ஸ்பெக்டர்தான் வந்து செட்டை எடுத்துக்கொண்டு போவார்.

அப்போ என்ன செய்வது? வில்லுப்பாட்டைச் சாயங்காலம் 6 மணிக்கே ஏற்றிவிடுங்கள். பத்துக்குள் வரத்துப் பாட்டு முடிகிற மாதிரி வில்லுப்பாட்டு நடத்தும் அண்ணாவியிடம் இப்போதே பேசிவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். சாமக்கொடை மைக் இல்லாமல் நடக்கட்டும். மைக் வருவதற்கு முன்னால் நம் சுடலைமாடனுக்கு மகுடக் கொட்டும் உடுக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், 2010-இல் திருத்தியபோது இசைக் கருவிகளையும் அந்த இரவு விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆகவே எழுத்துப்படி பார்த்தால் ராத்திரி மேளமும் விதிமீறல்தான். உடுக்கையைப் பிடுங்கிக்கொண்டு போன போலீசை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருந்தால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், கூடவே கொஞ்சம் பொங்கச்சோறும் கொடுத்துவிடுங்கள். புகார் முக்கால்வாசி அந்தச் சோறு போகாத வீட்டிலிருந்துதான் வரும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டிக் கல்யாண மண்டபம். ரிசப்ஷன் என்றால் டி.ஜே., ராத்திரி பதினொன்றரை வரை ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கேட்டால் 'மூடின ஹாலுக்குச் சட்டமே அனுமதி கொடுத்திருக்கு' என்கிறார் மேனேஜர். அவர் சொல்வது உண்மையா அண்ணாச்சி? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். — பெருமாள்புரம்

பதில்: பாதி உண்மை தங்கச்சி, பாதி உண்மையைத்தான் நம்மால் சட்டென்று மறுக்க முடிவதில்லை. மூடிய அரங்குக்குள் இரவு 10 மணிக்கு மேலும் ஒலிபெருக்கி வைக்கலாம், விதியில் அப்படித்தான் இருக்கிறது. மேனேஜர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார், அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்க வேண்டும். தனியார் இடத்திலிருந்து வரும் சத்தம் அந்த இடத்தின் எல்லைச் சுவரில் அளந்தால், அந்தப் பகுதிக்கு உண்டான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

அந்த அளவு என்ன என்றால், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெரு என்றால் 65, 55. தொழிற்பேட்டை 75, 70. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலத்துக்கு 50, 40. (அமைதி மண்டலம் என்று அரசு அறிவித்திருந்தால்தான் இந்தக் கணக்கு என்று 2017-இல் ஒரு திருத்தம் வந்தது, ஆகவே ஸ்கூல் பக்கத்தில் இருக்கிறோம் என்று நாமாகவே முடிவு கட்ட முடியாது.) உங்கள் தெரு குடியிருப்பு என்றால் ராத்திரி உங்கள் பின்சுவரில் 50 டெசிபல்தான் உச்சம். டெசிபல் என்பது படிக்கணக்கு மாதிரி நேராக ஏறுவதில்லை, 10 கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். கண்ணாடி அதிர்கிறது என்றால் அது ஐம்பதுக்குப் பக்கத்திலேயே இல்லை, அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

நானும் ஒரு மண்டபத்துக்கு ஒட்டின வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்தவன். முதல் மூன்று வருஷம் போய்ச் சண்டை போட்டேன், ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை வீட்டார் என்னைச் சாப்பிடச் சொல்லிப் பந்தியில் உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது, சத்தம் குறையவில்லை. நாலாவது வருஷம்தான் புரிந்தது, கல்யாண வீட்டாரிடம் பேசிப் பயனில்லை, அவர்கள் ஒரு ராத்திரிக்கு வந்தவர்கள், மண்டபத்துக்காரரிடம் எழுத்தில் பேச வேண்டும் என்று. நீங்கள் செய்ய வேண்டியது இது: சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 100-க்கோ 112-க்கோ சொல்லுங்கள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். போனில் அளக்கிற ஆப்பைச் சாட்சியாக யாரும் ஏற்க மாட்டார்கள், உங்கள் குறிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து தடவை சேர்ந்ததும் அந்த நோட்டை வைத்து ஸ்டேஷனில் எழுத்துப் புகார், கமிஷனருக்கு ஒரு நகல், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் திருநெல்வேலி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல். அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கிறது. அளவுக்கு மேல் 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் நடவடிக்கை எடுக்க விதியே சொல்கிறது. அப்படியும் நிற்காவிட்டால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் இருக்கிறார். பொதுத் தொல்லையை நீக்க உத்தரவு போட நிர்வாக நடுவரான அவருக்கு அதிகாரம் உண்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152. மனுவில் தெருக்காரர்கள் ஐந்தாறு பேர் கையெழுத்து இருந்தால் நல்லது, ஒருவர் மட்டும் போனால் 'உங்களுக்கும் மண்டபத்துக்கும் என்ன வாய்க்கால் தகராறு' என்றுதான் முதல் கேள்வி வரும்.

கேள்வி: எதிர்மனையில் ராத்திரி ஒரு மணிக்குப் போர்வெல் போடுகிறார்கள். வண்டி வாடகை, பகலில் கிடைக்கவில்லை என்கிறார்கள். கேட்க முடியுமா? — கே.டி.சி. நகர்

பதில்: கேட்கலாம். சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களைக் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் 6 வரை இயக்கக் கூடாது என்று அதே 2000-ஆம் வருஷ விதியில் பிறகு சேர்த்திருக்கிறார்கள். போர் வண்டியும், கான்கிரீட் கலவை இயந்திரமும் இதில் அடங்கும். இரவில் ஹாரனுக்கும் அதே தடைதான். தண்ணீர் வந்ததா என்று மட்டும் காலையில் விசாரியுங்கள், நமக்கும் அடுத்த வருஷம் தேவைப்படும்.

கேள்வி: நயினார்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். வீட்டு முன்னால் ரோட்டோரப் புளியமரத்தில் கொக்கும் வக்காவும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருக்கின்றன. ராத்திரியெல்லாம் கத்தல், வாசலில் எச்சம், நாற்றம், குஞ்சு வேறு விழுகிறது. வண்டியைக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிட்டது. ஆள் வைத்துக் கிளையை வெட்டலாமா, இல்லை வெடி போட்டு விரட்டலாமா? — டவுன்

பதில்: இரண்டுமே கூடாது. இரண்டில் எதைச் செய்தாலும் ஆபத்து உங்களுக்குத்தான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டுமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டிப் பொறியில் தள்ளுவது, அப்புறம் பறவையின் முட்டையையோ கூட்டையோ எடுப்பது, சேதப்படுத்துவது, கலைப்பது எல்லாமே வேட்டைதான். கூடுள்ள கிளையை வெட்டினால் நீங்கள் மரம் வெட்டியவர் இல்லை, வேட்டையாடியவர். வெடி போட்டுக் கூட்டைக் கலைத்தாலும் அதேதான். சாதாரணக் கொக்குதானே என்று நினைக்கிறீர்கள், ஆனால் அதுவும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை உயர்த்திவிட்டார்கள்: 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடுதல் பாதுகாப்பு உள்ள முதல் பட்டியலில் இருக்கும் உயிர் என்றால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வண்டி வாட்டர் வாஷுக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதோடு மரம் உங்களுடையது இல்லை. ரோட்டோர மரம், அரசு நிலம். அதை வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், கலெக்டர் தலைமையில் இயங்குவது அது. உண்மையிலேயே கிளை காய்ந்து ஆபத்தாகத் தொங்கினால் அவர்களுக்கு மனுப் போடுங்கள், ஆள் வந்து பார்ப்பார்கள். கூடு இருக்கும்போது யாரும் கை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், கொஞ்சம் முன்னே பின்னே. எல்லாக் கூடும் காலியான பிறகு முறையாகக் கேட்டுக் கிளையைக் கழிக்கலாம். அதுவரை வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள், வாசலுக்கு மேல் ஒரு பச்சை வலைத்துணியைக் கட்டுங்கள், மரத்தடியில் சுண்ணாம்பு தூவுங்கள். மரத்தின் மேல் வலையைப் போர்த்திவிடாதீர்கள், அது கண்ணி ஆகிவிடும். விழுந்த குஞ்சை வீட்டுக்குள் வைத்து வளர்க்கவும் வேண்டாம். காட்டுயிர் எதுவும் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது, வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும்.

நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூருக்குப் போய்வாருங்கள். நாறும்பூநாதர் கோவிலைச் சுற்றி ஆற்றங்கரையில் பெரிய பெரிய மருத மரங்கள், மரம் முழுக்கக் கொக்கும் நாரையும். அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்துவந்ததைப் பார்த்துத்தான் 2005-இல் அரசு அந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது, மொத்தமே 2.84 ஹெக்டேர்தான், நம் கணக்கில் ஏழு ஏக்கர். அங்கேயும் எச்சம் விழத்தான் செய்கிறது, நாறத்தான் செய்கிறது. குடை பிடித்துக்கொண்டு சாமி கும்பிடப் போகிறார்கள்.

கேள்வி: எனக்குப் பிறந்த ஊர் கூந்தன்குளம். இந்த வருஷம் தலை தீபாவளி. வீட்டுக்காரர் பாளையங்கோட்டை, இப்போதே சிவகாசிக்கு ஆள் அனுப்பி ஆயிரம்வாலா சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் ஊரில் யாரும் வெடி போட மாட்டார்கள் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார், சட்டத்தில் இருந்தால் காட்டு என்கிறார். நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி. — பாளையங்கோட்டை

பதில்: மாப்பிள்ளைக்குச் சட்டம்தானே வேண்டும், கொடுப்போம். சரவெடிக்கு உச்ச நீதிமன்றம் 2018-இலேயே தடை போட்டுவிட்டது, ஆகவே ஆயிரம்வாலா பாளையங்கோட்டையிலும் கிடையாது. அதே தீர்ப்பை ஒட்டி நம் மாநிலத்தில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம்தான் அரசு தந்துவருகிறது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகும் வெடியைத் தயாரிக்கவே கூடாது என்பது பழைய விதி.

கூந்தன்குளத்துக்கு வருவோம். 1994-இல் சரணாலயம் ஆன இடம், இப்போது உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. குளமும் ஊரும் ஒட்டிக் கிடப்பதால் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்து மரத்தோடு நிற்காமல், உங்கள் அம்மா வீட்டுக் கொல்லைப்புற வேம்பிலும் கூடு கட்டும். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. சரணாலயத்துக்குள் விலங்கையோ பறவையையோ சீண்டுவதே குற்றம். ஆனால் தெருவில் வெடி போடாதே என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னது இந்தச் சட்டம் எதுவும் இல்லை. பறவை வந்தால் மழை வரும், எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம், இந்த இரண்டு கணக்குத்தான். அதற்காகத் தீபாவளி வெடியையும் பெரிய கொட்டுமேளத்தையும் விட்டவர்கள் அவர்கள், சரணாலயப் பலகை வருவதற்கு முன்னாலிருந்தே. குஞ்சு விழுந்தால் தூக்கி மீன் ஊட்டுகிற ஊர் அது.

எனவே சட்டத்தில் காட்டு என்று கேட்டால், தெருவில் காலை ஆறரை மணிக்கு ஒரு ஒற்றை வெடி வைப்பதற்கு அவர் மேல் கேஸ் போட முடியுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். மாமனார் ஊரில் முதல் தீபாவளிக்கு அந்த வெடியை வைத்துவிட்டு மத்தியானம் பந்தியில் எப்படி உட்காருவார் என்பதுதான் கேள்வி. கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் வாங்கிக்கொடுங்கள். ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தோட்டத்தில் பருத்திக்குள் மயில் நாலு முட்டை விட்டிருந்தது. நாய் தின்றுவிடும் என்று எடுத்துவந்து கோழிக்கு அவயம் வைத்துவிட்டோம். மூன்று பொரித்து, கோழிக்குஞ்சோடு சேர்ந்து மேய்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லையே? — ராதாபுரம் பக்கம்

பதில்: மனசு தப்பில்லை, செய்தது தப்பு. மேலே சொன்ன அதே வரிதான், முட்டையை எடுப்பதும் வேட்டை. கொக்குக்காவது குறைந்த தண்டனை, மயில் 1963-இலிருந்து தேசியப் பறவை, முதல் பட்டியல். நம் கரிசல் காட்டிலும் தேரிக்காட்டு ஓரத்திலும் இப்படிப் பல வீடுகளில் கோழியின் பின்னால் மயில்குஞ்சு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் யாராவது செல்போனில் படம் எடுத்துப் போட்டுவிட்டால் வனத்துறை வந்துதான் ஆக வேண்டும். அவர்களாக வருவதற்கு முன்னால் நீங்களாகப் போய் விஷயத்தைச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். தானாகச் சொன்னவரையும் மறைத்தவரையும் அதிகாரிகள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. உதிர்ந்து கிடக்கிற தோகையைப் பொறுக்கி வைத்திருப்பது வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டாம். அடுத்த தடவை பருத்திக்குள் முட்டை கிடந்தால் அந்த இடத்தைச் சுற்றி நாலு முள்ளை வெட்டிப் போட்டு நாயைத் தடுங்கள், கோழியைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் கூண்டுக்கிளி வைத்திருக்கலாமா? — மேலப்பாளையம்

பதில்: பச்சைக்கிளி கூடாது. நம் காட்டுக் கிளி எதுவுமே கூடாது. ஜோசியக்காரர்கள் தெருவில் குறைந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஆடி அமாவாசைக்கு வேன் எடுத்துச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறோம், மூன்று நாள் குடில் போட்டுத் தங்குவது எங்கள் குடும்ப வழக்கம். கோவில் திருவிழாதானே, எங்கள் செட்டை வைத்துப் பாட்டுப் போட்டால் யார் கேட்பார்கள்? — தூத்துக்குடி

பதில்: புலி கேட்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்தக் கோவில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆகி, 1988-இல் இரண்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் போலீஸ் விதியோடு வனத்துறை விதியும் சேர்ந்துகொள்ளும், அம்பாசமுத்திரத்தில் இருக்கும் துணை இயக்குநர் அலுவலகம் சொல்வதுதான் முடிவு. எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி போகலாம் என்பதை ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பார்கள், போன வருஷ ஞாபகத்தில் கிளம்பிவிடாதீர்கள். பிளாஸ்டிக்கை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், காரையாற்றுத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் அதற்கு வேலையும் இல்லை. வழியில் குரங்குக்கு முறுக்கு போடாதீர்கள். முறுக்கு தின்று பழகின குரங்குதான் அடுத்த வேனில் வருகிற பிள்ளையின் கையைக் கடிக்கிறது.

கேள்வி: வேய்ந்தான்குளம் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தோம். ஐப்பசி மழை பெய்த ராத்திரி தவளைகள் போட்ட சத்தத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்கிறீர்களே, இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது? — புதுப் பேருந்து நிலையம் அருகில்

பதில்: நீங்கள் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். தவளைக் காலை ஏற்றுமதி செய்வதையே 1987-இல் நம் நாடு நிறுத்திவிட்டது. கொசுவைத் தின்கிறவனைப் பிடித்து விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்குகிறோம் என்று அப்போது பெரிய பேச்சு நடந்தது. உங்கள் தவளைகள் குளத்துப் பட்டாதாரர்கள், நீங்கள்தான் பக்கத்து மனை. முதல் பெருமழைக்கு ஆண் தவளைகள் பெண்ணைக் கூப்பிடுகிற சத்தம் அது, சில ராத்திரிகளில் ஓய்ந்துவிடும். குளத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபக்கத்து அறையில் பாயைப் போடுங்கள்.